விருந்தாளியோடு மூன்று ஃபிரேம்

வெங்கடலட்சுமி ஸ்னூக்கர் ஆட வந்தது ஏசிக்காக. இதைக் கிளப்பில் எல்லோரிடமும் அவளே சொல்லியிருக்கிறாள்; யாரும் நம்புவதில்லை.

மகள் லாஸ்யா பள்ளியில் படித்த காலத்தில் பீளமேட்டில் ஒரு கிளப்பில் ஷட்டில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டிருந்தார்கள். கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு வர வேண்டும். மற்ற அம்மாக்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசுவார்கள். வெங்கடலட்சுமிக்குப் பேச்சு அவ்வளவாக வராது. கோடை வேறு. கோர்ட்டுக்கு அடுத்த அறையில் மட்டும் ஏசி ஓடியது. ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தாள். பச்சைத் துணி விரித்த பெரிய மேசை, அதைச் சுற்றி நாலைந்து ஆண்கள், யாரும் சத்தம் போடாமல் ஒரு விளையாட்டு. இந்த ஊரில் இப்படி ஒரு அமைதியான இடம் இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தாள். ஆள் குறைந்த ஒரு சாயங்காலம் கிளப் செயலாளர் சுப்பண்ணன், "சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு கை புடிங்க அம்மணி" என்று கியூ கோலை நீட்டினார். லாஸ்யா பத்தாவதில் ஷட்டிலை விட்டுவிட்டாள். அம்மா ஸ்னூக்கரை விடவில்லை.

அவளுக்கு ஒரு நூல் மில்லில் தரப் பரிசோதனை அறையில் வேலை. நூலை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று பார்க்க வேண்டும். ஆட்டத்திலும் அவள் அதையேதான் செய்தாள். பந்தைக் குழியில் போட அவசரப்பட மாட்டாள். எதிரில் ஆடுபவர் நேராக அடிக்க முடியாதபடி வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். எதிராளி முட்டி, மோதி, பொறுமையிழந்து தப்புச் செய்வான். அப்போது எழுந்து வந்து இரண்டு பந்து போடுவாள். அவளிடம் தோற்ற கல்லூரிப் பையன்கள் 'ஸ்பீடு பிரேக்கர்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. பிடித்தும் இருந்தது.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. ஒரு நிஜமான தொழில்முறை ஆட்டக்காரரோடு ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவள் ஒளித்து வைத்த பந்தைப் பார்த்து, விஷயம் தெரிந்த ஒருவர் நின்று யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வருடம் வைகாசியில் கிளப்பே அதற்கு வழி செய்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே போட்டியில் கலந்து ஆடுவது என்று ஏற்பாடு. ஒரு முழு ஆட்டம் ஒரு ஃபிரேம்; உள்ளூர்க்காரர்களுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் முப்பது புள்ளி முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். மூன்றில் இரண்டு ஃபிரேம் எடுத்தவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். எல்லாம் சரியாக முடிவான பிறகுதான் அந்த வாரம் முழுக்க முகூர்த்தம் என்பது சுப்பண்ணனுக்கு உறைத்தது. அவிநாசி ரோட்டில் ஒரு லாட்ஜில்கூட அறை இல்லை. எல்லாம் கல்யாணக்காரர்கள் எடுத்திருந்தார்கள். வெளியூர் ஆட்டக்காரர்களை உறுப்பினர்களின் வீடுகளில் தங்கவைப்பது என்று தீர்மானமானது.

வெங்கடலட்சுமியின் வீட்டுக்கு வந்தவள் சைத்ரா. இருபத்திரண்டு வயது, தொழில்முறை ஆட்டக்காரி. பெங்களூருக்காரி, ஆனால் அம்மா ஓசூர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினாள். பத்து வயதிலிருந்து விளையாட்டு விடுதியில் வளர்ந்த பெண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியவள், ரயிலில் தலைவலி என்று இரண்டு இட்லியோடு படுத்துவிட்டாள்.

வெங்கடலட்சுமியின் கணவர் கோவிந்தராஜுலுவுக்கு அது பெரிய குறையாகிவிட்டது. பம்புசெட்டுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையில் கறார், வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் மட்டும் குழந்தை மாதிரி. "ஊர் விட்டு ஊர் வந்த புள்ள அரை வயித்தோட படுத்துருச்சே" என்று சனிக்கிழமை காலையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பட்டறைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை காலை முதல் சுற்று. வெங்கடலட்சுமி ஒரு பல் டாக்டரோடு ஆடினாள். அவர் பொறுமையிழக்க ரொம்ப நேரம் பிடித்தது, ஆனால் இழந்தார். சைத்ரா அடுத்த மேசையில் ஒரு மாணவனைக் காபி ஆறுவதற்குள் முடித்திருந்தாள். பிறகு அடுத்த சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சுப்பண்ணன் ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்துப் படித்தார். சிரித்துவிட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு, நம்ம வெங்கடலட்சுமி அம்மணியும் சைத்ராவும். ஒரே ஊட்டுல இருந்து ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்துருவீங்களாட்டம் இருக்குது!"

வெங்கடலட்சுமிக்குக் கால் தரையில் இல்லை. சுப்பண்ணன் கிட்டே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "ஏனுங்க அம்மணி, மத்தியானம் சாப்பாட்டை நல்லாப் போடுங்க. எந்திரிக்க முடியாத அளவுக்குப் போட்டீங்கன்னா ஆட்டம் உங்குளுது."

அறை முழுக்கச் சிரித்தது. சைத்ராவும் சிரித்தாள். அன்னூரில் தோட்டம், பீளமேட்டில் வீடு என்று இரண்டு பக்கமும் வாழ்கிற மனிதர் சுப்பண்ணன். எதையும் கேலியாகத்தான் சொல்வார். வெங்கடலட்சுமி அதை அங்கேயே மறந்துவிட்டாள்.

வீட்டில் கோவிந்தராஜுலு வாழையிலை விரித்துத் தயாராக இருந்தார். காலையிலிருந்து அரிசி ஆட்டி, வேகவைத்து, நாழியில் போட்டுப் பிழிந்த சந்தகை, இடியாப்பத்தைவிட மெல்லிசாக, மல்லிகைப் பந்து மாதிரி குவிந்து கிடந்தது. தேங்காய்ப்பால் ஒரு தூக்குப்போசி. பக்கத்தில் அரிசிம்பருப்புச் சாதம், நெய், கத்திரிக்காய், கெட்டித் தயிர்.

"விருந்தாளி மொதல்ல. நீ அப்பறம்" என்றார் மனைவியிடம்.

அவளுக்கும் அது வசதியாக இருந்தது. அறையில் இஸ்திரி போடக் கிடந்தது அவளுடைய கையில்லாத கறுப்பு வெயிஸ்ட்கோட். போட்டிக்கென்று முதல்முறையாகத் தைத்தது. தையல்காரர் அதுவரை ஆண்களுக்கு மட்டுமே தைத்தவர். தோள் ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம் போனது. கண்ணாடி முன்னால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கணவரின் குரல் கேட்டபடி இருந்தது. "இன்னுங் கொஞ்சம் கண்ணு." "இது ஒண்ணும் பண்ணாது கண்ணு, காத்து மாதிரி இருக்கும்." "பால் ஊத்தட்டுமா?" நல்லது, பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். இலை காலியானால் பரிமாற வேண்டும். 'போதும்' என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, கூச்சத்தில் சொல்வார்கள். உண்மையிலேயே போதுமென்றால் இலையில் ஒரு கைப்பிடி மிச்சம் வைப்பார்கள். அப்போதுதான் பரிமாறுகிறவர் கரண்டியைக் கீழே வைப்பார். சைத்ரா வளர்ந்த விடுதியில் இதற்கு நேர்மாறு. தட்டில் பருக்கை மிச்சமிருந்தால் எழுந்து போக விடமாட்டார்கள். அவள் இலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மடிக்கப் பார்த்தாள். மடிக்கக் கை போவதற்குள் இலை காலியாக இருப்பதைப் பார்த்து கோவிந்தராஜுலு ஒரு பந்து சந்தகையை வைத்தார். வைத்ததை அவள் மிச்சம் வைக்காமல் தின்றாள். தின்றதால் அவர் வைத்தார். இரண்டு பேரும் மரியாதை தவறவில்லை.

வெங்கடலட்சுமி வெளியே வந்தபோது தூக்குப்போசி கவிழ்ந்து கிடந்தது. கோவிந்தராஜுலு முகமெல்லாம் வெளிச்சமாக, "இந்தப் புள்ள என்னமா சாப்புடுது!" என்றார். சைத்ரா சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"என்ன கண்ணு, தூக்கமா?"

"இல்ல ஆன்ட்டி. குனிய முடியல."

எழுந்து உட்கார்ந்தாள். தன் வெயிஸ்ட்கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கோவிந்தராஜுலு அதைப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது.

ஸ்னூக்கர் என்பது மேசை மேல் கவிழ்ந்து, தாடை கியூவைத் தொடும்படி குனிந்து ஆடுகிற ஆட்டம். குனிய முடியாதவர் ஆட முடியாது. சைத்ரா வரவில்லையென்றால் வெங்கடலட்சுமி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவாள். அப்போதுதான் அவளுக்குச் சுப்பண்ணனின் கேலி முழுசாக ஞாபகம் வந்தது. அறை முழுக்கச் சிரித்தவர்களின் முகங்களும் வந்தன. சோறு போட்டு ஜெயித்தவள். இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருக்கப்போவதில்லை. விளையாட்டாகத்தான் சொல்வார்கள். ஆனால் சாகும்வரை சொல்வார்கள்.

"ஏமண்டி, என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க!" கோபத்தில் அவளுக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது.

"நான் என்ன விஷத்தையா வச்சேன்? அது கேட்டுக் கேட்டுச் சாப்புட்டுது!"

"நான் கேக்கவே இல்ல அங்கிள்" என்றாள் சைத்ரா கண்ணைத் திறக்காமல்.

அவர் சமையலறைக்குள் ஓடினார். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். அதைக் குடிக்கவும் வயிற்றில் இடமில்லை. பிறகு இஞ்சி தட்டினார். பிறகு கைகளைப் பிசைந்துகொண்டு மூலையில் நின்றார்.

வெங்கடலட்சுமி சுப்பண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மூச்சுத் திணறச் சிரிப்பு.

"ஏனுங்க அம்மணி, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னா நெசமாவே செஞ்சுபோட்டீங்களே!"

"அண்ணா, விளையாடாதீங்க. ஆட்டத்தை நாளைக்குத் தள்ளி வைங்க."

"நாளைக்கு மேசை எங்கீங்க காலியா இருக்குது? ஆறு மணி வரைக்கும் வேணா பாக்கலாம். அதுக்கு மேல ரூலு ரூலுதான்." குரலைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்திலிருந்த யாரிடமோ, "சந்தகையாமாப்பா!" என்பது கேட்டது. அந்தப் பக்கம் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் போனை வைத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆறு மணிக்குச் சைத்ராவால் குனிய முடியாவிட்டால், உடம்பு சரியில்லை என்று தானே விலகிவிட வேண்டும். ஜெயித்தவள் சைத்ரா என்று ஆகிவிடும். பேர் கெடாது. ஆனால் இத்தனை வருடம் காத்திருந்த ஆட்டம் போய்விடும். இருந்தாலும் சொன்னாள்.

"சைத்ரா, நீ படுத்திரு கண்ணு. நான் வரலைன்னு சொல்லிடறேன்."

சைத்ரா கண்ணைத் திறந்தாள். "ஏன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" சோபாவைப் பிடித்து எழுந்து நின்றாள். "நடக்கலாம் வாங்க."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. கல்லூரி விடுதிகளுக்குப் பின்னால் நிழலிருக்கிற சந்தாகப் பார்த்து நடந்தார்கள். சைத்ரா முன்னே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அடியெடுத்து வைத்தாள். டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெண்மணி, "எத்தனையாவது மாசங்க?" என்று வெங்கடலட்சுமியிடம் கேட்டே விட்டாள்.

"ஆன்ட்டி, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்றாள் சைத்ரா. கொஞ்ச தூரம் போய், "ஏன் அங்கிள் நிறுத்தவே இல்ல?" என்று கேட்டாள்.

"நீ ஏன் மிச்சம் வைக்கல?"

"மிச்சம் வச்சா மரியாதையா?"

"எங்க ஊட்டுல அப்படித்தான்."

சைத்ரா நின்று அவளைப் பார்த்தாள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்கிற பார்வை. அப்புறம் திடீரென்று முகம் மாறியது. கையை நெஞ்சில் வைத்தாள். ஒரு ஏப்பம் வந்தது. சந்தின் கோடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

"அப்பா!" என்றாள் சைத்ரா.

வெங்கடலட்சுமி வாழ்க்கையில் எந்தச் சத்தத்தையும் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டதில்லை.

ஆறு மணிக்கு முன்பே கிளப்புக்குப் போய்விட்டார்கள். கோவிந்தராஜுலுவும் கூடவே வந்தார். ஆனால் உள்ளே வர மறுத்துவிட்டார். வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே வழக்கத்தைவிடக் கூட்டம். எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சைத்ராவின் வெயிஸ்ட்கோட் திறந்தே கிடந்தது. நடுவர் அதைப் பார்த்தார், சுப்பண்ணனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் விட்டார்.

முதல் ஃபிரேம் பார்க்கச் சகிக்கவில்லை. சைத்ரா குனிந்தாள், ஆனால் பாதிதான் குனிந்தாள். காலையில் கண்ணை மூடிக்கொண்டே போட்டிருக்கக்கூடிய பந்துகள் குழியின் உதட்டில் பட்டுத் திரும்பின. முப்பது புள்ளியோடு ஆரம்பித்த வெங்கடலட்சுமி எதுவும் பெரிதாகச் செய்யாமலே முன்னே போய்க்கொண்டிருந்தாள். ஃபிரேம் அவளுக்கு என்று நடுவர் சொன்னபோது கைதட்டல் அரைகுறையாக வந்தது. பின்வரிசையில் ஒரு குரல், "சந்தகை வேலையைக் காட்டுதுங்கோவ்!" என்றது.

அவளுக்குக் காது சுட்டது. இன்னும் ஒரு ஃபிரேம் ஜெயித்தால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிடும்.

இரண்டாவது ஃபிரேமில் அவள் ஒரு காரியம் செய்தாள். வெள்ளைப் பந்தை ஒளித்து வைக்க வேண்டிய இடத்தில், சும்மா தட்டி நடு மேசையில் விட்டாள். சைத்ராவுக்கு வசதியாகச் சிவப்புப் பந்துகள் பரவிக் கிடந்தன. இரண்டு முறை அப்படிச் செய்தாள். மூன்றாவது முறையும் அப்படியே விட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பியபோது சைத்ரா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, காலையில டாக்டர் கூட இப்படியா ஆடினீங்க?"

வெங்கடலட்சுமி கியூவின் நுனியில் சாக் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நான் பாத்துட்டுதான் இருந்தேன். பாவம், அழுதுட்டார் அவர்." சைத்ரா குரலை இன்னும் தாழ்த்தினாள். "அங்கிள் போட்டதை எல்லாம் நான் நிஜமாத்தானே சாப்ட்டேன்? ஒண்ணைக்கூட ஒளிச்சு வைக்கலையே. நீங்களும் நிஜமா ஆடுங்க. இல்லன்னா எனக்குக் கோபம் வரும்."

சொல்லிவிட்டு மேசைக்குப் போனாள். இந்த முறை முழுசாகக் குனிந்தாள். தாடை கியூவைத் தொட்டது. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, மறுபடி சிவப்பு. பந்துகள் குழிக்குள் விழும் சத்தம் சீராகக் கேட்க ஆரம்பித்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு நின்றது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, யோசனையே இல்லாமல் வெயிஸ்ட்கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். முப்பதைத் தாண்டி, வெங்கடலட்சுமியைத் தாண்டி, ஐம்பத்தெட்டில்தான் நிறுத்தினாள். ஃபிரேம் அவளுக்கு. இந்த முறை கைதட்டல் முழுசாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவது ஃபிரேமில் வெங்கடலட்சுமி தன் ஆட்டத்தை ஆடினாள்.

ஒரு இடத்தில் வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்துக்குப் பின்னால், மேசை விளிம்போடு ஒட்டி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சைத்ரா மேசையை ஒரு சுற்று சுற்றினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள். வெங்கடலட்சுமி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அவள் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. இனி என்ன ஆனாலும் இதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

கடைசியில் இளஞ்சிவப்பும் கறுப்பும் மட்டும் மிச்சம். வெங்கடலட்சுமி எட்டுப் புள்ளி முன்னால். இளஞ்சிவப்பு ஆறு, கறுப்பு ஏழு. அவள் இளஞ்சிவப்பைப் போட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. சைத்ராவுக்கு இரண்டும் வேண்டும். முறை வெங்கடலட்சுமியுடையது. இளஞ்சிவப்பு நடுக்குழியை நோக்கி, சுலபமாக இல்லாவிட்டாலும், போடக்கூடிய இடத்தில் இருந்தது. எப்போதும்போல ஒளித்தும் வைக்கலாம். அறையே அவள் கையைப் பார்த்தது.

போடுவது என்று முடிவு செய்தாள். பேர் கெட்டால் கெடட்டும். இந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்து நிஜமாக ஆடுகிறாள். குனிந்தாள். மூச்சைப் பிடித்தாள். அடித்தாள். பந்து நேராகப் போனது. குழியின் ஒரு உதட்டில் தட்டி, மறு உதட்டில் தட்டி, உள்ளே விழவா வேண்டாமா என்று ஆடி, விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அவள் தன் கையையே ஒரு நிமிடம் பார்த்தாள். வேண்டுமென்று விட்டோமா? இல்லை. தன்னால் முடிந்த அளவுக்கு நன்றாக அடித்திருந்தாள். பந்து விழவில்லை, அவ்வளவுதான். அது தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

சைத்ரா வந்து இளஞ்சிவப்பைத் தொட்டு விட்டாள், விழுந்தது. கறுப்பு நீண்ட தூரம் உருண்டு மூலைக்குள் போனது. அறை இரைந்தது. சைத்ரா கியூவை மேசை மேல் வைத்துவிட்டு வந்து வெங்கடலட்சுமியின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினாள். "அந்தப் பழுப்புக்குப் பின்னால வச்சீங்களே ஆன்ட்டி, அதை நான் எங்க கோச்சுக்குச் சொல்லப் போறேன்" என்றாள்.

சுப்பண்ணன் எழுந்து வந்தார். வாயில் ஒரு கேலி தயாராக இருந்தது தெரிந்தது. ஏனோ அதை விழுங்கிவிட்டு, "நல்லா ஆடினீங்க அம்மணி. நெசமாத்தான் சொல்றேனுங்க" என்றார்.

வெங்கடலட்சுமி வெளியே வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் கோவிந்தராஜுலு இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்னாச்சு? அந்தப் புள்ள?"

"ஜெயிச்சுட்டா."

"அப்பாடா!" என்றார். இரண்டு கையையும் கூப்பி விமான நிலையம் இருக்கும் திசையில் கும்பிட்டார். கோயில் அந்தப் பக்கம் இல்லை. "அப்பாடா, அப்பாடா. கடவுள் காப்பாத்தினான்." ஸ்கூட்டர் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு மற்றது உறைத்தது. மெதுவாக நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ தோத்துட்டியா?"

"ஆமா."

அவர் சற்றுமுன் கும்பிட்ட கைகளை அவசரமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வெங்கடலட்சுமி மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.